தூதாயீம் பழமும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும்: இரண்டும் ஒரே சொல்லா?

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எந்தப் பிரிவில் கேட்பது என்று யோசித்து, கடைசியில் சொல்லாய்வுப் பகுதிக்கு வந்தேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். போன வாரம் ஆதியாகமம் 30-ஆம் அதிகாரம். கோதுமை அறுப்பு நாளில் ரூபன் வயலுக்குப் போய், தூதாயீம் கனிகளைக் கண்டெடுத்து அம்மா லேயாளிடம் கொண்டுவந்து கொடுக்கிறான். பிள்ளையில்லாத ராகேல் அதில் கொஞ்சம் கேட்கிறாள். என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதென்று என் பிள்ளை கொண்டுவந்த பழமும் உனக்கு வேண்டுமா என்று லேயாள் சீறுகிறாள். அக்கா தங்கை சண்டை. இந்த இடத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "டீச்சர், தூதாயீம்னா என்ன பழம்? நம்ம மார்க்கெட்ல கிடைக்குமா?" என்று கேட்டான்.

எங்கள் ஆச்சி எனக்குச் சொன்னதைத்தான் அவனுக்கும் சொல்லியிருப்பேன். கிணற்றடி வேலியில் தூதுவளை படர்ந்து கிடக்கும். முள்ளில் கை கீறாமல் ஆச்சி இலை பறிப்பாள், சளிக்கு ரசம் வைக்க. குண்டுமணி போலச் சிவந்த பழம் தென்பட்டால், "ராகேல் கேட்ட பழம் இதுதாம்ட்டி" என்பாள். தூதாயீம், தூதுவளை. எனக்கு நாற்பது வயது வரை சந்தேகமே வந்ததில்லை. ஆனால் பையன் அப்படி நேராகப் பார்த்துக் கேட்டபோது வாய் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆங்கில வேதாகமத்தைப் புரட்டினால் அந்த இடத்தில் 'மாண்ட்ரேக்ஸ்' என்று இருக்கிறது! பரண்மேல் தம்பியின் காமிக்ஸ் பெட்டி இன்னும் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மந்திரவாதியின் பெயரும் அதுதானே. உயரத் தொப்பி, மேலங்கி, ஊசி மீசை. ஒரு பழத்தின் பெயர் எப்படி மந்திரவாதிக்குப் போனது? அந்தப் பழம்தான் என்ன? ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பொருநை_மைந்தன் எழுதியது:

அக்கா, இதில் குழப்பமே இல்லை. மந்திரம்தான் மாண்ட்ரேக். மந்திரம் செய்கிறவன் மந்திரக்காரன், மந்திரக், மாண்ட்ரேக். நம் பக்கத்திலிருந்து போன சொல். பழத்துக்கும் மந்திர சக்தி உண்டென்று நம்பியதால் அதற்கும் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள்.

சிவகாசி_சித்திரக்கதை எழுதியது:

டீச்சர், உங்கள் பரண் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள். முத்து காமிக்ஸ் பழைய இதழ்களை இன்று தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர்.

மந்திரவாதியின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். 1934 ஜூன் 11-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் தினப் படக்கதையாகத் தொடங்கியது. எழுதியவர் லீ ஃபாக், வரைந்தவர் ஃபில் டேவிஸ், விநியோகித்தது கிங் ஃபீச்சர்ஸ். வேதாளர் என்று நாம் படித்த ஃபாண்டமும் லீ ஃபாக்கின் பிள்ளைதான். ஆனால் 1936-இல் வந்த இளையவர். இந்தியாவுக்கு இந்த இரண்டு பேரையும் பரவலாகக் கொண்டுவந்தது 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ். தமிழில் எங்கள் ஊர் முத்து காமிக்ஸ்.

மாண்ட்ரேக் நிஜமாக எதையும் மாற்றுவதில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையை ஒரு வீச்சு வீசுவார். எதிரியின் துப்பாக்கி பாம்பாகத் தெரியும், தரை பிளப்பதாகத் தெரியும். எல்லாம் மனவசியம், கண்கட்டு. துப்பாக்கி துப்பாக்கியாகத்தான் இருக்கும். தோழன் லொதார், காதலி இளவரசி நர்தா, மலைமேல் இருக்கும் ஜனாடு மாளிகை, இமயமலையில் தேரோன் நடத்தும் மந்திரக் கல்லூரி என்று அந்த உலகமே தனி. எட்டு வயதில் நான் கண்ணாடி முன் நின்று கை வீசிப் பழகியவன்.

ஏழாவது_மாடி எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஆராய்ச்சி வேலையாக இஸ்ரேலில், ரெகோவோட்டில் நான்கு வருடம் இருந்தேன். தூதாயீம் செடியைத் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் சொல். தமிழ் வேதாகமத்தில் இருக்கும் 'தூதாயீம்' மொழிபெயர்ப்பே இல்லை. எபிரெயச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஈம்' என்பது எபிரெயத்தில் பன்மை விகுதி. கேருபீன், சேராபீன் என்று நாம் சொல்வதிலும் இதன் சாயல்தான். மிச்சம் இருப்பது 'தூதா'. அதன் அடியில் இருப்பது 'தோத்' என்ற வேர். தோத் என்றால் அன்பு, அன்புக்குரியவர். (இன்றைய பேச்சு எபிரெயத்தில் மாமா, சித்தப்பா எல்லோரும் தோத்.)

வேதாகமத்தின் காதல் பாட்டான உன்னதப்பாட்டில் காதலி மூச்சுக்கு ஒரு தரம் 'என் நேசர்' என்கிறாளே, எபிரெயத்தில் அது 'தோதி'. அதே வேர். ஏழாம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்குப் போவோம், அங்கே என் நேசத்தை உமக்குத் தருவேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் தூதாயீம் மணம் வீசுகிறது என்கிறாள். நேசத்துக்கு அங்கே 'தோதாய்'. தோதாய், தூதாயீம், தோதி என்று மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். எபிரெயத்தில் கேட்பவனுக்கு அது காதில் விழும். தமிழில் 'நேசர்' ஒரு பக்கம், 'தூதாயீம்' ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பதால் நமக்குக் கேட்பதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நேசக்கனி என்று போட்டிருந்தால் உங்கள் மாணவன் வேறு கேள்வி கேட்டிருப்பான்.

சரி, ஆங்கிலத்துக்கு எப்படிப் போனது? கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் யூதர்கள் ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, தூதாயீமுக்கு 'மந்திரகோராஸ் பழங்கள்' என்று எழுதினார்கள். லத்தீன் வேதாகமமும் அதையே எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அது மாண்ட்ரேக் ஆனது. ஆக எபிரெயச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் உறவு இல்லை. ஒரே செடிக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான்.

இனி செடி. கத்தரிச் செடி மாதிரி எழுந்து நிற்காது. தண்டே கிடையாது. சுருங்கிய பெரிய இலைகள், முள்ளங்கி இலையை விட அகலம், தரையோடு தரையாக வட்டமாக விரிந்து கிடக்கும். மழைக்காலத்தில், டிசம்பர் ஜனவரி வாக்கில், நடுவில் ஊதாப் பூக்கள். வசந்தத்தில் வெயில் ஏற ஏற இலைகள் வாடிச் சாயும். அப்போது நடுவில் மஞ்சள் பழங்கள் கூட்டில் முட்டை போலக் கிடக்கும். நாட்டுத் தக்காளி அளவு. கோதுமை அறுப்பும் அந்தச் சமயம்தான். ஆதியாகமத்தில் அந்தக் காலக் குறிப்பு சும்மா வரவில்லை. வெயிலில் பிள்ளை வரப்போரம் நடந்தால் அந்த மஞ்சள் கண்ணில் படாமல் இருக்காது.

அகராதி_ஆசை எழுதியது:

ஏழாவது மாடி நண்பருக்கு நன்றி. பொருநை மைந்தன் தம்பிக்கு மட்டும் ஒரு விளக்கம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மந்திரம் என்ற சொல் 'மன்' (நினை) என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. மந்திரகோராஸ் கிரேக்க மருத்துவ நூல்களில் கிறிஸ்துவுக்கு முன்பே இருக்கும் செடிப் பெயர். அதற்கும் மந்திரத்துக்கும் தொடர்பு காட்ட ஒரு படிகூடக் கிடையாது. கிரேக்கச் சொல்லின் வேர் இன்னும் முடிவாகவில்லை. பாரசீகத்தில் 'மர்தும் கியா', அதாவது மனிதச் செடி, என்ற பெயரோடு சிலர் முடிச்சுப் போடுவார்கள். அது ஒரு கருத்து.

ஆனால் நீங்கள் செய்ததை ஐரோப்பா முழுக்கச் செய்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் மந்திரகோராவைக் கேட்டார்கள். முன்பாதியில் 'மேன்', மனிதன், கேட்டது; வேர் இரண்டாகப் பிரிந்து கால் போல இருக்கிறதே, பொருத்தம்தான் என்று தோன்றியது. பின்பாதியை 'டிரேக்' ஆக்கினார்கள். அவர்கள் பழைய மொழியில் டிரேக் என்றால் பறவைநாகம். ஆக மனித நாகம்! பிரெஞ்சுக்காரர் காதில் அதே சொல் வேறு மாதிரி விழுந்தது. மாந்த்ரகோர் என்பது மாந்தெக்ளுவார் என்று திரிந்து, கடைசியில் 'மேன் த க்ளுவார்' ஆனது. மகிமையின் கை என்று பொருள். கை என்று பெயர் வந்தபின் கதை சும்மா இருக்குமா? தூக்கில் தொங்கியவனின் கையை வெட்டி உலர்த்தி மெழுகுவத்தியாக ஏற்றினால் வீட்டில் உள்ளவர்கள் விழிக்க மாட்டார்கள், திருடலாம் என்று ஒரு நம்பிக்கை அந்தப் பெயரில் ஓடியது. செடியே காணாமல் போய் பிணத்தின் கை வந்துவிட்டது.

டீச்சரின் ஆச்சி தூதுவளை என்று கேட்டதும், தம்பி மந்திரம் என்று கேட்டதும் இதே வரிசைதான். தெரியாத சொல் வாசலுக்கு வந்தால் காது தெரிந்த சொல்லோடு சேர்த்து உட்கார வைக்கும். வேர்ச்சொல் வரலாறு என்று எழுதும்போதுதான் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

ஆச்சி சொன்னது தவறு. ஆனாலும் ஆச்சி பக்கத்து வீடு வரை போய்விட்டார்கள்!

தூதுவளை கத்தரிக் குடும்பம். மாண்ட்ரேக்கும் கத்தரிக் குடும்பம். பெயர் ஒலியால் நேர்ந்த தற்செயல்தான், இருந்தாலும் சித்த மருத்துவம் படித்த எனக்கு வாசித்ததும் சிலிர்த்தது. தக்காளி, மிளகாய், அமுக்கரா, ஊமத்தை எல்லாம் இதே உறவு. இதில் மாண்ட்ரேக்குக்கு நெருங்கிய குணம் தூதுவளையிடம் இல்லை, ஊமத்தையிடம்தான் இருக்கிறது. அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோப்போலமின் என்ற அதே நச்சுச் சத்துகள். வாய் உலரும், கண்மணி விரியும், இதயம் படபடக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும், அளவு மீறினால் உயிர் போகும். அரபியில் இதன் பழத்துக்குப் பைத்தியக்காரர்களின் ஆப்பிள் என்றே ஒரு பெயர் உண்டு. யாரும் இணையத்தில் வேர் வாங்கிச் சோதித்துப் பார்க்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஊமத்தை விதை தின்ற பிள்ளையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கட்டில் விளிம்பில் இல்லாத பூச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சிவகாசி நண்பர் சொன்ன மனவசியத்தை வாசித்ததும் எனக்கு இந்தச் செடிதான் நினைவுக்கு வந்தது. இல்லாததைக் காட்டுவது இருவருக்கும் பொது.

நஞ்சு என்பதோடு முடியவும் இல்லை. முதல் நூற்றாண்டில் தியோஸ்கோரிதேஸ் என்ற கிரேக்க மருத்துவர், உடம்பில் கத்தி வைப்பதற்கும் சூடு வைப்பதற்கும் முன்னால் மாண்ட்ரேக் வேர்ப்பட்டை ஊறிய திராட்சை மதுவைக் கொடுக்கச் சொல்கிறார், வலி தெரியாமல் இருக்க. மயக்க மருந்து கண்டுபிடிப்பதற்குப் பதினெட்டு நூற்றாண்டுகள் முன்னால். அவருடைய நூலின் ஒரு பிரதி, 512-ஐ ஒட்டி, கான்ஸ்டான்டினோப்பிளில் அனிசியா யூலியானா என்ற சீமாட்டிக்காக எழுதப்பட்டது, இன்று வியன்னாவில் இருக்கிறது. அதில் ஒரு படம்: மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார், 'கண்டுபிடிப்பு' என்ற தேவதை மனித உருவ வேரை அவரிடம் நீட்டுகிறாள், கீழே ஒரு நாய் செத்துக்கொண்டிருக்கிறது.

இரவுக்காட்சி எழுதியது:

அந்த நாய் ஏன்?

மூலிகைத்தோட்டம் எழுதியது:

வேரைப் பிடுங்குகிறவன் செத்துப்போவான் என்ற நம்பிக்கை. அதனால் சுற்றிலும் மண்ணைத் தோண்டிவிட்டு, வேரை நாயோடு கட்டிவிட்டு மனிதன் நடந்துவிடுவான். எஜமானைத் தொடர நாய் ஓடும், வேர் பிடுங்கிவரும், நாய் சாகும். இதை எழுதியவர் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், முதல் நூற்றாண்டு. சவக்கடலுக்குக் கிழக்கே மகேரஸ் கோட்டைப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் 'பாரஸ்' என்ற வேர் உண்டு, தீ நிறம், சாயங்காலத்தில் ஒளிவிடும், பேய் பிடித்தவரிடம் கொண்டுபோனால் பேய் ஓடும் என்கிறார். அவர் அதை மாண்ட்ரேக் என்று சொல்லவில்லை. பிறகு வந்தவர்கள் சேர்த்துவிட்டார்கள். வேர் அலறும், அதைக் கேட்டவன் சாவான் என்ற கதையும் அவரிடம் இல்லை. அதுவும் பின்னாளில் ஒட்டியது.

அவருக்கும் முந்தி தியோஃப்ராஸ்டஸ் என்ற கிரேக்கத் தாவர அறிஞர், மாண்ட்ரேக்கைச் சுற்றி வாளால் மூன்று வட்டம் போட்டு மேற்கே பார்த்து வெட்ட வேண்டும், இன்னொருவர் சுற்றிலும் ஆடிக்கொண்டே காதலைப் பற்றிப் பேச வேண்டும் என்று வேர் வெட்டுகிறவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறார். எங்கள் ஆசானும் சில மூலிகைகளுக்குக் காப்புக் கட்டி சாபநிவர்த்தி சொல்லித்தான் பறிப்பார், அதனால் எனக்கு இது அந்நியமாகப் படவில்லை.

மனித உருவ வேர் விற்பனையில் ஏமாற்றும் நிறைய. இங்கிலாந்தில் பிரையனி என்ற வேறொரு கொடியின் கிழங்கைச் செதுக்கி ஆண் பொம்மை, பெண் பொம்மை என்று விற்றார்கள். 1597-இல் மூலிகை நூல் எழுதிய ஜான் ஜெரார்ட், நானும் என் வேலையாட்களும் எத்தனையோ தரம் தோண்டி நட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை, இதெல்லாம் கட்டுக்கதை என்று அடித்துச் சொன்னார். தோட்டம் வைத்திருப்பவன் பேச்சு. எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

வாசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரே நாளில் இத்தனை பேரா! மூலிகைத்தோட்டம் ஐயா, ஆச்சி இருந்தால் உங்களுக்கு ஒரு தம்ளர் தூதுவளை ரசம் நிச்சயம்.

ஏழாவது மாடி தம்பி, ஒரு கேள்வி. ராகேல் ஏன் கேட்டாள்? பிள்ளை வரம் என்பதால்தானே? எங்கள் சபையில் குழந்தைக்காக வருடக்கணக்காகக் காத்திருக்கும் பெண்கள் உண்டு. இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது அவர்கள் தலை குனிந்திருப்பதைப் பார்ப்பேன். பழம் வேலை செய்ததா இல்லையா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனக்கு.

ஏழாவது_மாடி எழுதியது:

அக்கா, கதையை வரிசையாகப் பாருங்கள். ஒரு இரவு யாக்கோபை உனக்கு விட்டுத்தருகிறேன், பழத்தைக் கொடு என்று ராகேல் பேரம் பேசுகிறாள். சாயங்காலம் வயலிலிருந்து வரும் புருஷனை லேயாள் வழியிலேயே மறித்து, என் மகனுடைய தூதாயீமைக் கூலியாகக் கொடுத்து உம்மை அமர்த்தியிருக்கிறேன் என்கிறாள். கூலிக்கு எபிரெயத்தில் 'சாகார்'. அந்த இரவில் உண்டான பிள்ளையின் பெயர் இசக்கார். பெயருக்குள் கூலி இருக்கிறது. அதற்கப்புறம் செபுலோன், பிறகு தீனாள். பழத்தைக் கொடுத்தவளுக்கு மூன்று பிள்ளைகள்! கேட்டு வாங்கியவளுக்கு அதுவரை ஒன்றும் இல்லை. பிறகுதான் தேவன் ராகேலை நினைத்தருளினார் என்று வருகிறது, யோசேப்பு பிறக்கிறான். எழுதியவர் பழத்தைக் கையில் கொடுத்து, அதன் கையில் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டார். நான் வாசிப்பது இப்படித்தான்.

யூத உரைகாரர்களுக்கும் உங்கள் கேள்வி இருந்தது. ஸ்பெயினில் பிறந்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் உரை எழுதிய இப்னு எஸ்ரா, தூதாயீம் மனித உருவில் இருக்கும், நல்ல மணம் என்று சொல்லிவிட்டு, அதன் குணம் குளிர்ச்சி, கர்ப்பத்துக்கு எப்படி உதவும் என்று எனக்குத் தெரியவில்லை என்று வெளிப்படையாக எழுதுகிறார். சூடு, குளிர்ச்சி என்ற அந்தக் கணக்கு நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் உண்டு.

செடி எது என்பதிலும் ஒரே கருத்து இல்லை. யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதில், சன்ஹெத்ரின் பகுதியில், ரவ் என்பவர் இது 'யவ்ரூஹீ', அதாவது மாண்ட்ரேக் என்கிறார். லேவி என்பவர் 'சிக்லீ' என்ற மணமுள்ள பூ என்கிறார். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த ராஷி இரண்டாவதை எடுத்துக்கொண்டு, அரபியில் இதற்கு யாஸ்மீன் என்று பெயர் என்கிறார். யாஸ்மீன் என்றால் மல்லிகை! ராஷியின் கையில் விட்டால் ரூபன் அம்மாவுக்கு மல்லிகைப் பூ கொண்டுவந்தவன். இதை முதலில் படித்த அன்று நான் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.

அதே தல்மூத் பக்கத்தில் இன்னொன்று உண்டு, உங்கள் வகுப்புக்கு உதவும். அறுப்பு நாள், சுற்றிலும் அடுத்தவர் கோதுமை. ரூபன் அதில் ஒரு கதிரைத் தொடவில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் கிடந்ததைத்தான் எடுத்தான் என்று அறிஞர்கள் அவனைப் பாராட்டுகிறார்கள்.

பின்னால் வந்த மிட்ராஷ் (யூத வேத விளக்க நூல்) ஒன்று, வனாந்தரத்தில் ரூபன் கோத்திரத்தின் கொடி சிவப்பு, அதில் தூதாயீம் வரைந்திருந்தது என்கிறது. சின்ன வயதில் அம்மாவுக்குக் கொண்டுபோன பழம் கடைசியில் கோத்திரத்துக்கே அடையாளமாகிவிட்டது.

பொருநை_மைந்தன் எழுதியது:

அகராதி ஐயா, கோபமெல்லாம் இல்லை. என் முடிவை மாற்றிக்கொள்கிறேன். மந்திரக்காரன், மந்திரக் என்று நான் போட்டது ஒலியை வைத்துக் கட்டியது, சான்று கிடையாது. ஆனாலும் தமிழில் மாண்ட்ரேக் கதையை வாங்கிய எந்தப் பையனும் அந்தப் பெயருக்குள் மந்திரத்தைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். எனக்கு அது விளக்கமே தேவைப்படாத பெயராக இருந்தது.

சிவகாசி_சித்திரக்கதை எழுதியது:

முழு உண்மை தம்பி. 'மந்திரவாதி மாண்ட்ரேக்' என்று சேர்த்துச் சொல்லும்போது மோனையே கிடைத்துவிடுகிறது.

இரவுக்காட்சி எழுதியது:

படக்கதையில் மாண்ட்ரேக் என்பது தனிப்பெயர். குடும்பப் பெயராக அது உட்கார்ந்த இடத்தை நான் சொல்கிறேன்.

1964-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ். அணுகுண்டு யுத்தம் பற்றிய கறுப்புக் காமெடி. அதில் பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து அமெரிக்கத் தளத்துக்கு வந்திருக்கும் அதிகாரி, குரூப் கேப்டன் லயனல் மாண்ட்ரேக். பீட்டர் செல்லர்ஸ் அந்தப் படத்தில் போட்ட மூன்று வேடங்களில் ஒன்று. மற்ற இரண்டும் அமெரிக்க ஜனாதிபதியும் ஸ்ட்ரேஞ்லவும். தளத்தின் தலைவர் ஜெனரல் ரிப்பர் புத்தி பேதலித்து ரஷ்யாமீது குண்டுவீச்சு விமானங்களை அனுப்பிவிடுகிறார். கதவைப் பூட்டிக்கொண்டு, குடிநீரில் ஃபுளூரைடு கலப்பது சதி, நம் உடம்பின் சாறுகளைக் கெடுக்கிறார்கள், அதனால் பெண்களுக்கு என் சாரத்தைத் தருவதில்லை என்று பேசுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, விமானங்களைத் திருப்பி அழைக்கும் சங்கேதச் சொல்லைக் கறக்கப் பார்க்கிறவர்தான் மாண்ட்ரேக்.

அந்தப் படத்தில் பெயர்கள் எதுவும் சும்மா வைத்தவை இல்லை, பாதிக்கு மேல் காமக் குறிப்பு உள்ளவை. உயிர்ச்சாரத்தைப் பூட்டி வைக்கும் ஜெனரலுக்கு எதிரே, பிள்ளை வரம் தரும் வேரின் பெயரோடு ஒரு மனிதர்! டீச்சரின் ராகேல் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு இது முழுதாக உறைத்தது. படத்துக்கு மூலமான பீட்டர் ஜார்ஜின் நாவலில் இந்தப் பெயர் இல்லை, படத்துக்காக வைத்தது. இத்தனை வருடம் அது வெறும் பிரிட்டிஷ்தனமான பெயர் என்றுதான் எண்ணியிருந்தேன். பைத்தியங்கள் நடுவில் தெளிந்த புத்தியோடு இருப்பவருக்குப் பைத்தியக்காரர்களின் ஆப்பிள் பெயர். மூலிகைத்தோட்டம் ஐயா அதைச் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டேன்.

கட்டளைவரி எழுதியது:

புத்தகத்திலும் ஒரு குடும்பப் பெயர் உண்டு. ஜொனாதன் ஸ்ட்ரவுடின் பார்ட்டிமேயஸ் கதைகளில் மந்திரவாதிகள் பிறந்த பெயரை மறைத்துவிட்டு வேறு பெயர் சூட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் உண்மைப் பெயர் தெரிந்தால் பூதம் அவர்களை வென்றுவிடும். நதானியேல் என்ற பையன் அப்படித்தான் ஜான் மாண்ட்ரேக் ஆகிறான். நம் ஊரில் ராசிப் பெயரை வெளியே சொல்லாத வீடுகள் உண்டு, அதனால் எனக்கு உடனே புரிந்தது.

அப்புறம் என் துறையிலிருந்து ஒன்று. என் முதல் கணினியில் போட்டது மாண்ட்ரேக் லினக்ஸ் என்ற இயங்குதளம். கல்லூரி விடுதி, மூன்று குறுந்தகடு, நண்பனிடம் இரவல். நிறுவி முடித்துத் திரை வந்தபோது விடியற்காலை. 1998-இல் பிரான்சில் கெயல் துவால் தொடங்கியது அது. ரெட் ஹாட் என்ற இன்னொரு லினக்ஸை எடுத்துப் புதியவர்களும் எளிதாகப் போட்டுக்கொள்ளும்படி செய்திருந்தார். பெயர் மந்திரவாதியை நினைவூட்டுகிறது என்று படக்கதையின் உரிமை வைத்திருந்த ஹெர்ஸ்ட் நிறுவனம் வழக்குப் போட்டது. 2005-இல் பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனத்தோடு சேர்ந்தபோது மாண்ட்ரிவா என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

எனக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ராகேல் கேட்டு, கிரேக்க மருத்துவர் மதுவில் ஊறவைத்து, நாய் கட்டி இழுத்து வந்த சொல் இது. 1934-இல் வந்த ஒரு படக்கதைக்கு அதன்மேல் அவ்வளவு உரிமை இருக்கிறது என்று ஏற்க முடியவில்லை.

அகராதி_ஆசை எழுதியது:

வணிகக்குறி என்பது சொல்லுக்கு உரிமை அல்ல, ஒரு சரக்கின் பெயராக மக்கள் குழம்பக் கூடாது என்பதற்கான காவல். சட்டத்தில் அப்படித்தான். ஆனால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. விடுதியில் விடிய விடிய உட்கார்ந்து போட்டதன் பெயர் ஒருநாள் மாறிப்போனால் யாருக்குத்தான் பிடிக்கும்.

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

நாளை வகுப்பு. கடைசியாக ஒன்று மட்டும். தம்பி, மணம் எப்படி இருந்தது? உன்னதப்பாட்டில் மணம்தானே வருகிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

ஏழாவது_மாடி எழுதியது:

முலாம்பழத்தை வெட்டி மூடி வைத்துவிட்டு, மதியம் கழித்துத் திறந்தால் வருமே, அந்தக் கனிந்த இனிப்பு மணம். அதோடு ஆப்பிள் கூடையின் வாடை கொஞ்சம். அடியில் பச்சைத் தக்காளிக் காம்பை நசுக்கினால் வரும் காரல். பழத்தை விரலில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். பேருந்தில் வீட்டுக்குப் போகும் வரை விரலில் மணம் இருந்தது. சாப்பிடவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

வகுப்பு முடிந்தது. ஒரு முலாம்பழம் வாங்கிக் காலையிலேயே வெட்டி மூடி எடுத்துப்போனேன். எல்லோரும் மூக்கை நீட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் எங்கள் வேலித் தூதுவளை ஒரு கொத்து, இது அந்தப் பழம் இல்லை, ஆனால் சொந்தக்காரப் பழம் என்று சொன்னேன். அதைத் தொட வேண்டாம், முள் என்று சொன்னபின்னும் இரண்டு பேர் குத்திக்கொண்டார்கள்.

கேட்ட பையன் முலாம்பழத்தைத் தின்று முடித்துவிட்டு, "அப்போ ராகேல் அந்தப் பழத்தைச் சாப்பிட்டாளா டீச்சர்?" என்றான். அதிகாரத்தை அங்கேயே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தோம். எங்கேயும் இல்லையே தம்பி? எபிரெயத்தில் ஏதாவது உண்டா?

ஏழாவது_மாடி எழுதியது:

இல்லை அக்கா. எபிரெயத்திலும் இல்லை. கேட்டாள், அக்கா சீறினாள், பேரம் பேசினாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பழம் என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கிடையாது.